இம்பாக்ட் கிளவுஸ் வாங்கலாமா? நாலு மாசம் லேஷிங்ல போட்டு கிழிச்சுட்டு எழுதுறேன்

சொந்த காசு, ஜோடி 1,150 ரூபா. பாரிஸ் கார்னர்ல லிங்கி செட்டி தெரு பக்கம் ஒரு சேஃப்டி ஐட்டம் கடைல வாங்குனது, நாலு மாசத்துல இது மூணாவது ஜோடி. பிராண்டு பேரு போடல, ஏன்னா இதே சாமான் ஆறேழு பேர்ல ஓடுது, எல்லாம் ஒரே அச்சு. முதுகுப் பக்கம் அடி தாங்குறதுக்கு ஆரஞ்சு ரப்பர் வரி வரியா ஒட்டி இருக்கும், உள்ளங்கைல கருப்பா நைட்ரைல்னு ஒரு வகை ரப்பர் பூச்சு, மணிக்கட்டுல வெல்க்ரோ. மாட்டுனா எலும்புக்கூடு கை மாதிரி தெரியும். என் பொண்ணு மொத நாள் பாத்துட்டு அழுதுட்டா.

நான் வட சென்னைல கண்டெய்னர் கப்பல்ல லேஷிங், அதாவது பெட்டிங்க கடல்ல நகராம பூட்டி கட்டுற வேலை பாக்குறேன், பதினோரு வருஷம் ஆச்சு. எந்த டெர்மினல் எந்த காண்ட்ராக்டர்னு கேக்காதீங்க, பொழப்பு ஓடணும். வெளி ஆளுங்களுக்கு இந்த வேலை என்னன்னே தெரியாது, கிரேன் தூக்குது கப்பல் போகுது அவ்ளோதான்னு நெனச்சுப்பாங்க. கப்பல் அடிவயித்துல இறங்குற பெட்டிக்கு நாங்க தேவையில்ல, அங்க செல் கைடுன்னு தண்டவாளம் மாதிரி இரும்பு நிக்கும், பெட்டி அதுக்குள்ள இறங்கி தானா நின்னுக்கும். மேல டெக்ல ஒன்னு மேல ஒன்னா அடுக்குறாங்களே அதுக்குத்தான் நாங்க. பெட்டி நாலு மூலைலயும் ஓட்டை போட்ட இரும்பு கட்டி இருக்கும், கீழ் மூலை ஓட்டைல கோன் சொருகணும், ட்விஸ்ட் லாக்குன்னும் சொல்லுவாங்க, ஒன்னு அஞ்சாறு கிலோ வரும். பெட்டி கிரேன்ல நெஞ்சு உயரத்துல தொங்கிட்டு இருக்கும், மூலைக்கு மூலை ஆள் நின்னு கீழ இருந்து கோனை மேல குத்தி திருப்பி சொருகுவோம். மணிக்கு 25 பெட்டி ஓடுச்சுன்னா 100 கோன், அவ்ளோ தடவை யாரோ ஒருத்தன் கை அந்த ஓட்டை பக்கத்துல போயிட்டு வருது. அப்புறம் கப்பல் மேல ஏறி ராடுன்னு நீள இரும்புக் கம்பிய மாட்டி, டர்ன்பக்கிள்ங்கற திருகு இறுக்கிய முறுக்கி இறுக்கணும். கப்பல் உள்ள வந்தா இதையே தலைகீழா செய்யணும், அது இன்னும் மோசம், கடல் உப்புல ஊறி துரு ஏறி ஒன்னும் கழலாது.

இதுக்கு முன்ன என்ன போட்டோம்னா காண்ட்ராக்டர் குடுக்குற புள்ளி வச்ச வெள்ளை காட்டன் கிளவுஸ். அத கிளவுஸ்னு சொல்றதே தப்பு. ரெண்டு நாள்ல கிரீஸ் ஊறி கருவாடு மாதிரி ஆயிடும், ராடு புடிச்சா வழுக்கும். அப்பப்ப தோல்ல ஒன்னு தருவாங்க, வெல்டிங் கடைல போடுறது, அது நனைஞ்சு காஞ்சா அப்பளம் மாதிரி மொடமொடன்னு ஆயிடும் விரல் மடங்காது. விரல் மடங்கலன்னா நம்மாளு என்ன பண்ணுவான், கழட்டி பின் பாக்கெட்ல சொருகிட்டு வெறுங்கைல வேலை பாப்பான், சூப்பர்வைசர் வந்தா மட்டும் மாட்டிப்பான். நானும் அப்படித்தான் இருந்தேன், பொய் சொல்லல.

சரி இந்த கிளவுஸ்க்கு வரேன். மொத நாளே ராடு வேலை. லேஷிங் ராடு சின்னது பெருசுன்னு இருக்கு, பெருசு ஒரு ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்குக்கு மேல நீளம், 15 கிலோவுக்கு குறையாது, அத செங்குத்தா தூக்கி நிறுத்தி மேல இருக்குற பெட்டியோட மூலை ஓட்டைல நுனிய மாட்டணும், காத்தடிச்சா பேய் புடிச்ச மாதிரி ஆடும். பழைய கிளவுஸ்ல ராடு உள்ளங்கைல சரசரன்னு இறங்கும், இதுல இறங்கல, நின்னுச்சு. கிரீஸ் இருந்தும் பிடி இருக்கு. மழைலயும் பாத்தேன், பிடி கொஞ்சம் கொறையுது ஆனா போகல. ராடு மேல அங்கங்க இரும்பு பிசிறு நிக்கும், அது முன்னாடி எல்லாம் உள்ளங்கைய கோடு கோடா கிழிச்சிடும், நாலு மாசத்துல எனக்கு ஒரு கீறல் கூட விழல. இதுக்கு மட்டும் முழு மார்க்.

ரெண்டாவது வாரம் ஒரு டர்ன்பக்கிள் சிக்கிக்கிச்சு, ஸ்பேனர் கம்பிய விட்டு முழு பலத்தோட இழுத்தேன், சட்டுனு கம்பி நழுவி என் கை முட்டி நாலும் போய் லேஷிங் பிரிட்ஜ் (பெட்டி வரிசைக்கு நடுவுல நாங்க நின்னு வேலை பாக்குற இரும்பு மேடை) தகட்டுல பளார்னு அடிச்சுது. வெறுங்கையா இருந்தா தோல் உரிஞ்சு எலும்பு தெரிஞ்சிருக்கும், எனக்கு பழைய தழும்பு ரெண்டு இருக்கு அதே மாதிரி அடிச்சதுதான். கிளவுஸ கழட்டி பாத்தா லேசா செவந்திருந்துது, அவ்ளோதான். பக்கத்துல இருந்தவன் "ன்ணா அந்த கிளவுஸ் எங்க வாங்குனீங்க"ன்னு அங்கயே கேட்டான்.

இதோட நிறுத்தி அஞ்சு ஸ்டார் போட்டுட்டு போயிருப்பேன், ஆனா அப்புறம்தான் அந்த முதுகுல பிரிண்ட் பண்ணிருக்குற எழுத்துக்கு என்ன அர்த்தம்னு உக்காந்து படிச்சேன். படிச்சதுல இருந்து ஒரு மாதிரி ஆயிடுச்சு.

கிளவுஸ் முதுகுல சுத்தியல் படம் போட்ட ஒரு கேடயம், இ.என். 388 அப்டின்னு இருக்கும், ஐரோப்பாக்காரன் டெஸ்ட் அது. கீழ வரிசையா நாலு நம்பர், ஒரு எழுத்து, சிலதுல கடைசியா இன்னொரு எழுத்து. மொத நம்பர் தேய்மானம், ரெண்டாவது பழைய முறை வெட்டு, மூணாவது கிழிசல், நாலாவது குத்து. நம்பர் இருக்க வேண்டிய எடத்துல எக்ஸ் போட்டிருந்தா டெஸ்டே பண்ணலன்னு அர்த்தம். அடுத்து வர்ற எழுத்து புது முறை வெட்டு டெஸ்ட், ஏ-ல இருந்து எஃப் வரைக்கும், ஏ ரொம்ப லேசு, எஃப் தான் பெருசு. என்னுது டி. அதாவது 15 நியூட்டன், தோராயமா ஒன்றரை கிலோ அழுத்தி பிளேட இழுத்தா கூட வெட்டாது. எங்க வேலைக்கு அது தாராளம். குத்து டெஸ்ட்டுல ஒரு சூது இருக்கு, அத மொத்த ஆணி மாதிரி ஒன்ன வச்சு குத்தி பாக்குறாங்க, ஊசிய வச்சு இல்ல. அதனால பிரிஞ்ச வயர் ரோப்போட மெல்லிசு கம்பி சர்ருனு உள்ள போயிடும், எனக்கு ஒரு தடவை போச்சு.

கடைசி எழுத்துதான் மேட்டரு. பாஸ்னு சொல்றதுக்கான பி அது, இம்பாக்ட் டெஸ்ட் பாஸ். எவ்ளோ அடி குடுத்து பாஸ் பண்ணுச்சுன்னு பாத்தா 5 ஜூல். ரெண்டரை கிலோ வெயிட்ட 20 சென்டிமீட்டர் மேல இருந்து போட்டா வர்ற அடி. நம்ம ராடு 15 கிலோ, ஒரு மீட்டர் மேல இருந்து நழுவி கை மேல விழுந்தா அதே கணக்குல 150 ஜூல் கிட்ட வரும், முப்பது மடங்கு. பெட்டிய பத்தி பேசவே வேணாம், காலி 20 அடி பெட்டியே ரெண்டு டன்னுக்கு மேல, லோடோட 30 டன் வரைக்கும் போகும். அதுக்கு முன்னாடி இந்த ஆரஞ்சு ரப்பர் என்னத்த பண்ணும், ஒன்னும் பண்ணாது.

இன்னொன்னு இத விட முக்கியம். அந்த ஐரோப்பா டெஸ்ட்ல அடிச்சு பாக்குறது கை முட்டிய மட்டும்தான். விரல அடிச்சு பாக்குறதே இல்ல! அதான் எனக்கு முட்டில அடி விழுந்தப்ப ஜம்முனு தாங்குச்சு, அது அதுக்குன்னே பரீட்சை எழுதுன எடம். எங்களுக்கு போறது எங்கன்னு கேளுங்க, விரல் நுனி. பதினோரு வருஷத்துல நான் கண்ணால பாத்த கை அடில பெரும்பாலும் நகக்கண்ணுல இருந்து மொத கணு வரைக்கும்தான். கோனுக்கும் மூலை கட்டிக்கும் நடுவுல, பெட்டி கதவு கம்பிக்கும் கொக்கிக்கும் நடுவுல, ட்ரெய்லர் லாக்க டிரைவர் கையால திருப்பும்போது பெட்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல. அமெரிக்காக்காரன் 138னு ஒரு ஸ்டாண்டர்ட் 2019ல கொண்டு வந்தான், அதுல விரலையும் சேத்து அடிச்சு பாக்குறாங்க, 1, 2, 3னு லெவல் போடுறாங்க. அந்த மார்க் உள்ளது கடைல கேட்டேன், பாய் சிரிச்சிட்டு "அதெல்லாம் ஆயில் கம்பெனிக்கு வரும் தம்பி, ரேட்டு ரெண்டு மடங்கு"ன்னாரு.

போன மாசம் எங்க கேங்ல நடந்தத சொல்லணும். நான் போட்டு பாத்து நல்லாருக்குன்னு சொன்னதால நாலஞ்சு பேரு இதே கிளவுஸ் வாங்குனாங்க. அதுல எங்க மேஸ்திரி அண்ணன், அவருக்கு கை சின்னது, கடைல அவர் சைஸ் இல்லன்னு ஒரு சைஸ் பெருசா வாங்கிட்டாரு. விரல் நுனில அரை இஞ்ச் காலியா தொங்கும், "போக போக சரியாயிடும்டா"ன்னாரு. நைட் ஷிப்ட், கப்பல்ல இருந்து பெட்டி இறக்குற வேலை, பெட்டி ட்ரெய்லருக்கு மேல தொங்குது, இவரு கோனை கழட்ட திருப்புறாரு, காலியா இருந்த நுனி கோனுக்கும் கட்டிக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. மாட்டுனது துணிதான், விரல் இல்ல. ஆனா அந்த கிளவுஸ் லேசுல கிழியாதுல்ல, அதான அதோட பெருமையே. இவரு கைய இழுக்குறாரு, வரல, அதுக்குள்ள பெட்டி லேசா ஆடி ரெண்டு இஞ்ச் எறங்குச்சு. மோதிர விரல் நுனி சாய்வா போயிடுச்சு. சத்தம் கூட போடல மனுஷன், "டேய் கிரேன நிறுத்த சொல்லு" அப்டின்னாரு, சாதாரணமா டீ சொல்ற மாதிரி. காட்டன் கிளவுஸா இருந்தா கிழிஞ்சிட்டு விட்டிருக்கும்னு நான் அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். கிழியாத கிளவுஸ வாங்க சொன்னது நான்.

நல்ல வேளை ஸ்டான்லி பக்கத்துலயே இருக்கு. வெளியூர் ஆளுங்களுக்கு தெரியாம இருக்கலாம், ஸ்டான்லி ஆஸ்பத்திரில கைக்குன்னே தனி டிபார்ட்மெண்ட் இருக்கு, 1971ல டாக்டர் வெங்கடசாமி ஆரம்பிச்சது, நாட்டுலயே கை ஆபரேஷனுக்கு பேர் போன எடம். ஹார்பரும் ஃபேக்டரியும் சுத்தி இருக்குற ஏரியால அது இல்லன்னா எத்தனை பேரு கை இல்லாம சுத்திட்டு இருப்பான். விரல் நுனி சாய்வா வெட்டுப்பட்டா பக்கவாட்டுல இருந்து முக்கோணமா தோலையும் சதையையும் ரத்த ஓட்டத்தோட நகத்தி நுனிய மூடுற முறை ஒன்னு இருக்கு, அதையே டாக்டர் வெங்கடசாமியும் கூட இருந்தவரும் 1980ல எழுதி உலகம் பூரா இன்னிக்கும் பண்றாங்களாம். அண்ணனுக்கு பண்ணது அந்த மாதிரி ஒன்னுதான்னு டாக்டர் சொன்னாரு. காசு வாங்கல. நகம் பாதி வரும், விரல் கொஞ்சம் குட்டையா இருக்கும், ஆனா தொட்டா உணர்ச்சி தெரியுமாம், கோன் புடிக்கலாமாம்.

இதுல ஒன்னு கத்துக்கிட்டேன், எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும். விரல் துண்டு கெடைச்சா நேரா ஐஸ்ல போடக்கூடாது. சுத்தமான ஈரத்துணில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு காத்து தண்ணி போகாம கட்டி, அந்த கவர இன்னொரு கவர்ல ஐஸ் தண்ணிக்குள்ள வைக்கணும். எங்காளு ஒருத்தன் டீக்கடைல இருந்து ஐஸ் வாங்கிட்டு வந்து நேரா அதுல போட பாத்தான், கூட இருந்த கப்பல் ஆள் ஒருத்தர் கைய புடிச்சு தடுத்தாரு. எங்க கேங்ல பத்து பேர்ல ஒருத்தனுக்கும் இது தெரியல.

இழப்பீடு எவ்ளோ வரும்னு அவர் பையன் கேட்டான், அப்பதான் அந்த அட்டவணைய பாத்தேன். 1923ல வெள்ளைக்காரன் காலத்துல போட்ட தொழிலாளர் இழப்பீட்டு சட்டம் (2025 நவம்பர்ல அது போய் சமூக பாதுகாப்பு சட்டத் தொகுப்பு வந்துடுச்சு), அதுல சம்பாதிக்கிற தெம்பு எவ்ளோ போச்சுன்னு விரலுக்கு விரல் சதவீதம் எழுதி வச்சிருந்தான். கட்டைவிரல் முழுசா போனா 30. ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலும் சுண்டு விரலும் 7. நுனி மட்டும் எலும்பு போகாம வெட்டுப்பட்டா ஆள்காட்டிக்கு 5, நடுவிரலுக்கு 4, மோதிர விரலுக்கு 2. கறிக்கடை போர்டு மாதிரி இருக்கு. அண்ணன்கிட்ட சொன்னேன், "அப்ப ரெண்டு பர்சென்ட் ஆளுடா நானு"ன்னு சிரிச்சாரு, அண்ணி சிரிக்கல.

மோதிரம்னதும் ஞாபகம் வருது. கிளவுஸ் போட்டிருக்கோமேன்னு உள்ள மோதிரம் போட்டுட்டு வர்றவங்க நெறைய பேரு, கல்யாண மோதிரம், ராசிக்கல்லு, செம்பு வளையம். கிளவுஸ் வெல்க்ரோவோட இறுக்கமா இருக்கறதால மோதிரம் உள்ள இருக்குறதே மறந்துடும். ட்ரெய்லர்ல இருந்தோ லேஷிங் பிரிட்ஜ்ல இருந்தோ குதிக்கும்போது மோதிரம் எங்கயாச்சும் கொக்கில மாட்டுச்சுன்னா ஒடம்பு எடை மொத்தமும் அந்த ஒரு விரல்ல தொங்கும், தோலு அப்படியே உறை மாதிரி கழண்டு வந்துடும். நான் மோதிரத்த வீட்ல சாமி படத்து கிட்ட வச்சிட்டுதான் கெளம்புறேன். மொதல்ல வீட்டுக்காரி சண்டை போட்டா, அண்ணன் விரல பாத்துட்டு வந்ததுல இருந்து அவளே கழட்டி வாங்கி வச்சிக்கிறா.

சைஸ் விஷயம் கடைல யாரும் சொல்ல மாட்டாங்க, நானே சொல்றேன். டைலர் டேப் எடுத்து கட்டைவிரல விட்டுட்டு உள்ளங்கைய சுத்தி அளங்க, எத்தனை இஞ்சோ அதான் சைஸ் நம்பர். எட்டு இஞ்ச்னா 8, ஒம்பதுன்னா 9. நம்ம ஊரு கைக்கு 8, 9 தான் அதிகம், ஆனா கடைல குமிஞ்சு கெடக்குறது 10. மாட்டிட்டு விரல் நுனிய கிள்ளி பாருங்க, துணி மட்டும் கைல வந்தா வாங்காதீங்க, ரேட்டு கொறைச்சு தரேன்னாலும் வாங்காதீங்க. ரெண்டு கடை ஏறி எறங்குனா கெடைக்கும்.

குறைன்னு பாத்தா வேர்வை. மே மாசம் டெக் இரும்பு மேல நின்னு பாத்தா தெரியும், ஒரு மணி நேரத்துல கிளவுஸ கழட்டி கவுத்தா தண்ணி சொட்டும். நாத்தம் சொல்லி மாளாது, பைக் டிக்கில வச்சா டிக்கியே போச்சு. சோப்பு தண்ணில அலசி நெழல்ல காய வைங்க, வெயில்ல போட்டா நைட்ரைல் வெடிக்குது, மொத ஜோடில வலது அப்படித்தான் போச்சு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்குற தையல்தான் மொதல்ல விடும், ஆறேழு வாரம் தாங்கும். ஆரஞ்சு ரப்பர்ல சுண்டு விரல் பக்கம் இருக்குறது உரிய ஆரம்பிக்குது, உரிஞ்ச நுனி மறுபடி எங்கயாச்சும் மாட்டும், அத உடனே வெட்டி எறிங்க.

அப்புறம் நுணுக்கமான வேலைக்கு ஆவாது. சீல் கழட்டணும், ரீஃபர்னு சொல்ற குளிர்பெட்டிக்கு பிளக் மாட்டணும், போன் எடுக்கணும்னா கழட்டியே ஆகணும். ரீஃபர்னதும் ஒன்னு, அது 440 வோல்ட், இந்த கிளவுஸ் கரண்ட்டுக்கு இல்லவே இல்ல, ரப்பர் ஒட்டி இருக்குன்னு நம்பி ஈரமா இருக்கும்போது கைய வச்சிடாதீங்க. சொல்றேன்னு சிரிக்காதீங்க, அப்படி நெனச்ச ஆளு எங்ககிட்டயே இருந்தான்.

டூப்ளிகேட் ஏகப்பட்டது வருது, 350 ரூபாய்க்கு ரோட்டுல போட்டு விப்பாங்க, பாக்க அச்சு அசல் இதே மாதிரி. முதுகுல சி.இ.ன்னு ஐரோப்பா முத்திரை மட்டும் இருக்கும், சுத்தியல் படமும் கீழ நம்பரும் இருக்காது, இல்ல நம்பர் இருந்தா அழிச்சா அழியும். ரப்பர கிள்ளி பாத்தா ஸ்பாஞ்ச் மாதிரி உள்ள போகும். வேணாம்.

5க்கு 3.5 குடுக்குறேன். பிடிக்கும் வெட்டுக்கும் முட்டிக்கும் சேத்து. பாக்கி 1.5 விரல் நுனிக்கு, அத எந்த கிளவுஸும் காப்பாத்தாது, பெட்டி தொங்கும்போது கோனோட உடம்பு பக்கமா புடிக்கணும், கோன் தலைல கை வைக்கக்கூடாது, கிரேன் ஆபரேட்டர் அவசரப்படுத்துனா ஹாரன் அடிச்சுக்கட்டும்னு விட்டுடணும். கோன்லயும் கவனம், சில கப்பல்ல இடது பக்கம் பூட்டுறதும் வலது பக்கம் பூட்டுறதும் ஒரே டப்பால கலந்து கெடக்கும், தப்பா திருப்பி வம்புல மாட்டாதீங்க.

கம்பெனிக்காரன் யாராச்சும் இத படிச்சீங்கன்னா ஒரு ரிக்வெஸ்ட், ஒத்தை கிளவுஸா வித்தா புண்ணியமா போகும். எனக்கு வலது கை கிளவுஸ்தான் தேயுது, இடது அப்படியே புதுசா இருக்கு, வீட்ல இப்ப ரெண்டு இடது கை கெடக்குது. சைஸ் 9. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இடது கை பழக்கம் உள்ள லேஷர் யாராச்சும் இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, உங்ககிட்ட மிச்சமான வலதுக்கு மாத்திக்கலாம், துவைச்சுதான் வச்சிருக்கேன்.